ஓட்டக்காரனின் இருபத்து நான்கு படங்கள்

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். இன்னும் டாக்டர் ஆகவில்லை, அதனால்தான் அந்தக் கிண்டல். அன்று மூன்று மணிக்கு அவள் தன் மூன்று வருட ஆராய்ச்சியை அரங்கில் எல்லோர் முன்னும் வைக்க வேண்டும். அது சரியாக அமைந்தால் பட்டம். அமையாவிட்டால் என்ன என்று வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

காயம் பட்ட இடத்தை நோக்கிச் செல்கள் எப்படி ஓடுகின்றன என்பது அவள் ஆராய்ச்சி. நுண்ணோக்கி தருகிற படக்கோப்பு சாதாரணக் கம்ப்யூட்டரில் திறக்காது. அதைத் திறக்கவும் வேறு வடிவில் சேமிக்கவும் ப்ளகின் என்கிற சின்னத் துணை நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தது நான். நாத்தனாரிடம் நல்ல பேர் வாங்கிய ஒரே அண்ணி நானாகத்தான் இருப்பேன் என்று கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

காலை பதினோரு மணிக்கு, படத்தில் அளவுக்கோடு ஒன்று போட வேண்டும் என்று ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னாள். ஐந்து நிமிட வேலை. அவள் உரையை முணுமுணுத்தபடி மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள். நான் நுண்ணோக்கியை ஒட்டியிருந்த கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

"டாக்டரம்மா, ஓட்டக்காரன் எந்த ஃபைல்?"

"பதினேழு அண்ணி. பாத்து, என் உயிரே அவன்தான்."

பொய்யில்லை. இருபத்து நான்கு மணி நேரத்தில் திரையின் இடது ஓரத்திலிருந்து காயம் வரைக்கும் விடாமல் நகர்ந்து போன செல் அது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவளுடைய பேராசிரியர் முதல்முறையாக அவளைப் பாராட்டினார்.

பதினேழின் அசலைத் திறந்தேன். படங்கள் இருபத்து நான்கும் இருந்தன. ஆனால் ஓரத்தில் ஆழம் 24, நேரம் 1 என்றிருந்தது. ஒரே நேரத்தில் மேலிருந்து கீழாக எடுத்த அடுக்குகள். கோப்பு மாறிவிட்டது போல என்று பதினெட்டைத் திறந்தேன். நேரம் 24. அதில் செல் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. அவளுடைய கம்ப்யூட்டரில், என் ப்ளகின் சேமித்த பதினேழைப் பார்த்தேன். நேரம் 24. ஓட்டக்காரன் ஜோராக ஓடினான். மறுபடி அசல். ஆழம் 24.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வேறு வழியில்லாமல் கணவருக்கு போன் செய்தேன்.

"ஏங்க, ஒரே ஃபைல் இங்க ஒரு மாதிரியும் அங்க ஒரு மாதிரியும் காட்டுது."

"ரெண்டுல எது நல்லா இருக்கோ அத வச்சுக்கோ," என்று வைத்துவிட்டார். இந்த மனுஷனிடம் போய்க் கேட்டேனே!

கடைசியில் நான் எழுதிய நிரலையே திறந்து பார்த்தேன். சேமிக்கும் பகுதியில் ஒரே ஒரு வரி. ஆழத்தின் இடத்தில் நேரத்தையும் நேரத்தின் இடத்தில் ஆழத்தையும் எழுதியிருந்தேன். எண்கள் வேறாக இருந்திருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும். இவளோ எதை எடுத்தாலும் இருபத்து நான்கு மணி, இருபத்து நான்கு அடுக்கு. சமமாக இருந்தால் குழப்பம் வராதாம்!

சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அப்படி யோசித்ததை மறைப்பானேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

"இவன் ஓடல டாக்டரம்மா. சாஞ்சு படுத்திருக்கான். வெள்ளரிக்காயச் சாய்வா வச்சு மேலேருந்து சீவிக்கிட்டே போனா ஒவ்வொரு வில்லையும் கொஞ்சம் தள்ளித்தானே வரும்? அதத்தான் ஓட்டம்னு பாத்திருக்கோம்."

"அப்ப பதினெட்டு?"

"அதுதான் நெசமான இருபத்து நாலு மணி நேரம்."

"அதுல எல்லாப் படமும் ஒண்ணு போல இருந்துச்சே! மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே தடிமன்னு ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கேன் அண்ணி." திரையில் இருந்த பதினேழைக் காட்டினாள். "அப்ப அவன் நகரவே இல்லையா?"

"இல்லம்மா. என் தப்பு."

வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து உரைத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எதை அடிப்பது, எதை விடுவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

"மூணு மணிக்கு நீங்களும் மேடைக்கு வாங்க அண்ணி," என்றாள். "என்னால இத ஒத்தையா சொல்ல முடியாது."

அரங்கில் முதலில் படத்தை ஓட்டிக் காட்டினாள். "இது நகரல," என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மைக்கை என்னிடம் நீட்டினாள். வெள்ளரிக்காய் உட்பட எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அந்தப் ப்ளகினை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போன வருடம் இணையத்தில் போட்டிருந்தேன். யார் எடுத்தார்கள் என்று எட்டிப் பார்த்ததில்லை. அதனால் பேச்சுக்குக் கேட்டு வைத்தேன்.

"இதை இங்க வேற யாராவது பயன்படுத்துறீங்களா?"

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். பின்னால் இரண்டு கைகள். ஓரத்தில் நின்றிருந்தவர் ஒருவர் தூக்கினார். முதல் வரிசையில் பேராசிரியர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு அவரும் தூக்கினார்.

டாக்டரம்மா என் தோள் பக்கம் நெருங்கி வந்தாள்.

"அண்ணி, இவங்கள்ல யாரோடது நெசமா நகருது?"

"தெரியலையேம்மா," என்றேன். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.