டெவானியின் கடிதம்

குளியல் கதிரையிலிருந்து டெவானியைத் தூக்கும்போது யூஜினியின் தோளில் ஏதோ சடக்கென்றது. இரண்டு பேர் தூக்கவேண்டிய உடம்பு. பராமரிப்பு ஏஜென்சி ஒருவரைத்தான் அனுப்பும். பல்லைக் கடித்துக்கொண்டு கிழவரைக் கட்டிலில் இருத்திவிட்டு, அவள் தரையில் குந்திவிட்டாள்.

டெவானி அயர்லாந்தின் மேற்குக் கரையோரக் கிராமங்களுக்கு முப்பத்துநான்கு வருடம் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். மனைவி இறந்தபின் மகள் கனடாவுக்கு, யூனியன்வில்லுக்குக் கூட்டிவந்துவிட்டாள். ஊரில் சனிக்கிழமைகளில் தன் குசினி வாசலில் சனம் வரிசையில் நிற்கும் என்று யூஜினிக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். விதவைக்குப் பென்சன், மலையடி வீடுகளுக்குத் தண்ணீர், கால் போன கல்லுடைப்பவனுக்கு நட்டஈடு. எல்லாவற்றுக்கும் அவர் கைப்படக் கடிதம்.

மூன்றாம் நாள் ஏஜென்சியிலிருந்து நிலாணி போன் எடுத்தாள்.

"அன்ரி, தோள் நொந்தது உங்கட வீட்டில விழுந்ததெண்டு எழுதித் தாங்கோ. வேலையில எண்டால் எங்களுக்குப் பெரிய கரைச்சல்."

"நான் வீட்டில விழேல்லையே, பிள்ளை."

"அப்ப ஆர் கண்டது?"

"டெவானி கண்டவர்."

விஷயத்தைக் கேட்டதும் டெவானி நிமிர்ந்து உட்கார்ந்தார். பேப்பர் கேட்டார். ஏஜென்சிக்கு ஒரு மணித்தியாலம் இருந்து எழுதினார். திகதி, நேரம், தூக்க இரண்டு பேர் வரவேண்டும் என்ற விதி, ஒன்றையும் தவறவிடவில்லை. கையெழுத்துக்குக் கீழே பழைய பதவியையும் போட்டார்.

"என்ரை கடிதத்துக்கு மறுமொழி போடாத அரசாங்கக் கந்தோர் இருந்ததில்லை."

மறுமொழி வந்தது. நிலாணி யூஜினியை ஏஜென்சிக்குக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினாள்.

"அவருக்கு டிமென்ஷியா, மறதி வருத்தம். அவர் எழுதினது செல்லாது, அன்ரி. பேஷன்ரைக் கொண்டு எழுதுவிச்சது உங்கட பிழை. இனி ஷிப்ட் இல்லை."

"உதில எந்த வரி பிழை? காட்டு பாப்பம்!" யூஜினி நல்ல கையால் மேசையில் அடித்தாள். "பிழையெண்டால் காட்டு!"

நிலாணி கம்பியூட்டரைப் பார்த்தபடி, "மேலிடத்து முடிவு," என்றாள்.

அடுத்த கிழமை, விட்டுவந்த சப்பாத்தை எடுக்க யூஜினி டெவானி வீட்டுக்குப் போனாள். மகள் கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே ஒல்லியான புதிய பெண்ணொருத்தி, தனியாக, டெவானியின் கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேர் வேணும்!" கூட்டத்தில் பேசுகிற குரலில் டெவானி கத்தினார். "இவளுக்கும் முறியப்போகுது! ரெண்டு பேர்!"

"ஓகே, ஓகே," என்று அந்தப் பெண் அவரைக் கட்டிலில் இருத்தினாள். மூச்சு வாங்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு படிவத்தை எடுத்து, 'நோயாளி குழப்பத்தில் இருக்கிறார்' என்ற கட்டத்தில் சரி போட்டாள்.