டாங்கி மூடி

இந்த உலகம் சந்தேகத்தால்தான் அழியப்போகிறது என்று கண்டக்குழி மீனவர் சங்க மண்டபத்தில் மீராசாஹிப் எழுந்து நின்று அறிவித்தார். உலகத்தின் சார்பில் நாற்பது கதிரைகள் வந்திருந்தன. சிலவற்றில் ஆட்களும் இருந்தார்கள்.

கொழும்பிலிருந்து வந்த பெண் அதிகாரி அப்போதுதான் விளக்கி முடித்திருந்தார். இந்தக் கரையில் என்றாவது அணு உலை வந்தால், சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் பரிசோதகர்கள் வருவார்கள், எரிபொருளை எண்ணி முத்திரை வைப்பார்கள், கமரா பூட்டுவார்கள், மறுபடி வந்து, வைத்தது வைத்தபடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

"எங்கட கரையில கூட்டாளி 'நிறைச்சாச்சு'ன்னு செல்லிட்டா, படகு டாங்கி மூடிய ஒத்தனும் திறக்க மாட்டான், மிஸ். திறந்தா அவன கள்ளன்னு செல்ற மாதிரி. வெளிநாட்டுக்காரனுக்கு இந்த மரியாத எங்க விளங்கப் போகுது?" என்றார் மீராசாஹிப்.

"கள்ளனப் பிடிக்க மட்டுமில்ல, ஐயா. நேர்மையா நடக்கிறவரும் அத எப்பிடிக் காட்டுறது?"

"என்னத்துக்குக் காட்டணும்?"

கைதட்டல் விழுந்தது. மீராசாஹிபின் படகில் பாதிப் பங்குக்காரனான கில்பட் மட்டும் தட்டாமல் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன கிழமை கில்பட்டும் மீராசாஹிபின் மகன் ஃபஸ்லானும் போன படகு, மண்ணெண்ணெய் தீர்ந்து நடுக்கடலில் நின்றுவிட்டது. இரவு முழுக்க நீரோட்டம் இழுத்துப் போனது. வேறொரு படகு கட்டி இழுத்து வந்தபோது ஃபஸ்லானின் உதடு உப்பில் வெடித்திருந்தது. "நான் நிறைச்சது நிறைச்சதுதான், நானா" என்று மீராசாஹிபை அண்ணன் முறையில் அழைத்துச் சொன்னான் கில்பட். டாங்கி ஒழுகியதா, அவன் மறந்தானா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது வழக்கமில்லை.

அன்றிரவு வீட்டில் ஃபஸ்லானின் மனைவி நுஸ்ரா கேட்டாள். அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம்.

"மாமா, நாளக்கி அவர் போகக்குள்ள டாங்கிக்குள்ள ஒருக்கா ஈர்க்கு விட்டு அளந்து பாருங்களேன்."

"அல்லாஹ்வே, நீயும் சர்வதேசப் பரிசோதகரா, மகள்?"

வீடே சிரித்தது. நுஸ்ரா சிரிக்கவில்லை. பாண் துண்டைப் பிய்த்துத் தேத்தண்ணியில் தோய்த்தாள், வாயில் வைக்கவில்லை.

மறுநாள் விடிகாலைச் சுபஹு தொழுத கையோடு மீராசாஹிப் கரைக்கு வந்தார். ஃபஸ்லான் இன்னும் வரவில்லை; படகருகே கில்பட் நின்றிருந்தான்.

"நிறைச்சாச்சு, நானா."

"ஓம், ஓம்."

கடலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பார்ப்பதற்கு வேறொன்றும் மிச்சமில்லாமல் போனபோது, சாரன் மடிப்பிலிருந்து நீளமான தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்தார். மூடி கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் தூரத்துத் தலவிலக் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும் என்று அவருக்குப் பட்டது.

கில்பட் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த வலையை அவிழ்த்து, முதலிலிருந்து மெதுவாக மடிக்கத் தொடங்கினான்.