கெப்ளருக்குக் கண்ணீர் அஞ்சலி

மாலதி டீச்சர் போஸ்டரில் ஒரு பொய்கூட எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

‘கண்ணீர் அஞ்சலி. கெப்ளர். தோற்றம்: 7.3.2009. மறைவு: 30.10.2018. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நூலகக் கூடத்தில் அஞ்சலிக் கூட்டம்.’ அத்தனையும் உண்மை. கெப்ளர் என்பது விண்வெளியில் இருந்த ஒரு தொலைநோக்கி என்பதை மட்டும் எழுதவில்லை. இடமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வேறென்ன செய்வாள்? குடவாசல் பக்கத்து அந்தக் கிராமத்தில் மாதாமாதம் அவள் நடத்தும் வானியல் கூட்டத்துக்கு வருபவர் நூலகர் கலந்தர் ஒருவர்தான். அவரும் சாவி கையில் இருப்பதால் வருகிறவர். “இந்தத் தடவையும் ஆள் வரலைன்னா கூடத்தைத் தையல் வகுப்புக்குக் குடுத்துடுவேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு வராதவர்கள்கூடச் சாவுக்கு வருவார்கள் என்பது டீச்சருக்குத் தெரியும்.

வந்தார்கள். நாற்பது பேர். முன்வரிசையில் வள்ளியம்மை, கையில் ரோஜா மாலையோடு. அழுது அழுது கண் சிவந்திருந்தது.

“பேரைப் பார்த்தா வேளாங்கண்ணிப் பக்கம் போலருக்கு. ஒம்போது வயசு. சாவற வயசா டீச்சர்? யாரு பெத்த புள்ளையோ.”

வயதைப் பற்றி மாலதி யோசிக்கவே இல்லை. வெட்கத்தில் முகம் சுட்டது.

“புள்ளை இல்லைங்க. வானத்துல இருந்த தொலைநோக்கி.”

கூடம் கொதித்தது. “உரம் போடுறதைப் பாதியில விட்டுட்டு வந்தேன். எங்களையெல்லாம் கேனையன்னு நெனச்சீங்களா?” என்று எழுந்தார் விவசாயி துரைராசு.

வள்ளியம்மை மட்டும் மாலையைக் கீழே வைக்கவில்லை. “இருங்க. எப்படிச் செத்துச்சுன்னு சொல்லட்டும்.”

மாலதி சொன்னாள். “மூணரை வருஷத்துக்குன்னு அனுப்பினாங்க. நாலு வருஷத்துல, ஆடாம நிக்க உதவுற சக்கரம் ரெண்டு போயிடுச்சு. வெயில் தள்ளுற தள்ளலையே பிடிமானமா வச்சுக்கிட்டு இன்னும் நாலு வருஷத்துக்கு மேல வேலை பார்த்துச்சு. எரிபொருள் தீர்ந்துதான் நின்னுச்சு.”

“அப்படி என்ன வேலை?” துரைராசு இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

“நட்சத்திரத்துக்குக் குறுக்கே ஒரு கோள் போனா வெளிச்சம் துளி மங்கும். தெருவிளக்கு முன்னால கொசு போற மாதிரி. அந்தத் துளியைப் பார்த்தே ரெண்டாயிரத்து அறுநூறு கோளுக்கு மேல காட்டிக்குடுத்துச்சு. அது அனுப்பினதை இன்னும் படிச்சு முடிக்கலைங்க.”

துரைராசு உட்கார்ந்தார். “உடம்பு?”

“சூரியனைச் சுத்திக்கிட்டே கெடக்கு. கொண்டுவர முடியாது.”

வள்ளியம்மை எழுந்துபோய், கரும்பலகையில் ஒட்டியிருந்த தொலைநோக்கிப் படத்துக்கு மாலையைப் போட்டாள்.

கூட்டம் முடிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, ‘போய்ட்டு வர்றோம்’ என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினார்கள். ஏமாற்றியதற்கு இது வேண்டும்தான் என்று மாலதி நினைத்தாள்.

“கோவமாப் போறாங்க சார். இனி வர மாட்டாங்க.”

“எழவு வீட்டுல யாரு டீச்சர் சொல்லிட்டுப் போவா?” என்றார் கலந்தர்.

வாசல்வரை போன துரைராசு திரும்பி வந்தார்.

“பதினாறாம் நாள் காரியம் இங்கதானே டீச்சர்? அதுக்குள்ள அந்தக் கோளுங்க பேரையெல்லாம் எழுதி வைங்க. வாரிசு யார் யாருன்னு ஊருக்குத் தெரியணும்ல.”