ஒப்படைப்பு

மண் அடுப்பிலிருந்து கடைசித் தட்டு பன்களை இழுத்து வெளியே வைக்கும்வரை அவாலி நிமிரவில்லை. ஒரு பன்னைப் புரட்டி அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தான். முற்றத்தில் நின்றிருந்த லினெஸ் மறுபடியும் கூப்பிட்டாள்.

"அண்ணே, நம்ம பன்னு வேகுற வரைக்கும் மினிபஸ் காத்துக்கிட்டு நிக்காது."

"இதோ மேடம். பாதியில விட்டா இவனுங்க கரியாக்கிடுவானுங்க."

மாவு பிசைந்துகொண்டிருந்தவர்களில் ஒருவன், "புது மாப்பிள்ளைக்கு வெக்கம். ஊர்ல பந்தல் போட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க, இங்க அடுப்பை விட மாட்டேங்குறாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவாலியும் சிரித்தான். ஆனால் கையைக் கழுவப் போனவன், மாவெல்லாம் போன பிறகும் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களைச் சில மாதம் தங்கவைத்து, ஒரு தொழில் கற்றுக்கொடுத்து, சொந்த ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது 'வழித்துணை' என்ற அந்தத் தொண்டு அமைப்பின் வேலை. கொண்டுபோய்ச் சேர்ப்பது லினெஸின் பொறுப்பு. முதலில் அவள் தனியாகப் போய்ப் பேசுவாள். சொந்தக்காரர்கள் தலையாட்டினால் ஆளைக் கூட்டிக்கொண்டு போவாள். அவாலியின் தங்கை சுவேனா தலையாட்டியிருந்தாள். "எங்க அண்ணன் வந்தா எங்க படுப்பான்னு கேக்குறீங்களா? அம்மா படுத்த இடம் அப்படியேதான் இருக்கு" என்று சொல்லியிருந்தாள். அவன் உள்ளே போனதும் பெண்டாட்டி வேறொருவனோடு ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டாள். அவனுக்கென்று மிஞ்சியிருந்தது தாய்வழி நிலமும் இந்தத் தங்கையும்தான்.

மினிபஸ்ஸில் அவன் மடியில் ஒரு போர்வையும் பன் சுடும் தகரத்தட்டும் இருந்தன. காலடியில் மாவு மூட்டை. அமைப்பு கொடுத்து அனுப்புவது அவ்வளவுதான். ஜன்னல் வழியே வெட்டாந்தரையாகக் கிடந்த காடுகளைப் பார்த்தபடி வந்தான். முதல் மழைக்கு ஊர் ஊராக வரப்பு போட்டு வைத்திருந்தார்கள்.

"சுவேனா பிள்ளைங்க என்னை மாமான்னு கூப்பிடுமா மேடம்? பெரியவளுக்குத்தான் என்னைத் தெரியும்."

"தாய்மாமனை வேற எப்படிக் கூப்பிடும்?"

இந்த முறை சிரமம் இருக்காது என்று லினெஸ் நம்பினாள். முன்பொரு நாள், ஆடு திருடினான் என்று ஜஃபாலி என்ற பையனை ஊர் ஆண்கள் கூடி அடித்தார்கள். பையன் செத்துப்போனான். போலீஸ் வந்தபோது எல்லோரும் சோளக்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அவாலி ஒருவன் மட்டும் ரத்தம் பட்ட சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். கூட யார் யார் என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டார்கள். அவன் ஒரு பெயரையும் சொல்லவில்லை. கோர்ட்டிலும் சொல்லவில்லை. ஒரு ஊருக்கான தண்டனையை ஒற்றை ஆளாக அனுபவித்துவிட்டு வருகிறவனை அந்த ஊர் எப்படித் தள்ளும் என்று அவள் நினைத்தாள்.

தார் ரோட்டில் இறங்கி இரண்டு சைக்கிள் டாக்ஸி பிடித்தார்கள். அவாலியை ஏற்றிக்கொண்ட பையன் வாயாடி. "நசங்காவுக்கா? கல்யாணமா, சாவா? மூட்டையைப் பார்த்தா கல்யாணம் மாதிரிதான் இருக்கு" என்று பேசிக்கொண்டே மிதித்தான். யார் வீட்டுக்கு என்று கேட்டான். சுவேனா வீட்டுக்கு, நான் அவள் அண்ணன் என்றான் அவாலி. அதற்குப் பிறகு பையன் பேசவில்லை. ஊர் எல்லையில் இருந்த ஓடைக்கு இந்தப் பக்கமே சைக்கிளை நிறுத்தினான்.

"இதுக்கு மேல செயின் தாங்காது. நடந்துடுங்க."

சுவேனா ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டாள். அழுகையும் சிரிப்புமாக, "எலும்பாயிட்டியே, எலும்பாயிட்டியே" என்றாள். பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்த்தன. சோளக்களியும் துவரைக்குழம்பும் வந்தன. அவள் புருஷன் மதோலா கைகழுவத் தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் கையில் விழாமல் தரையில் கொட்டியது; அவன் கண் வேறெங்கோ இருந்தது.

"தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடணும்" என்றான் மதோலா. "என் வீடா இருந்தா நான் கேக்க மாட்டேன்."

"இது எங்கம்மா வீடு" என்றாள் சுவேனா.

"அதான் சொல்றேன், என் வீடு இல்லையே."

நசங்கா தலைவர் மாமரத்தடியில் நாலைந்து ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். லினெஸ் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். அமைப்பைப் பாராட்டினார். சிறையில் சாப்பாடு எப்படி என்று அவாலியிடம் விசாரித்தார். பிறகு கையை விரித்தார்.

"எங்களுக்கு என்னம்மா இருக்கு? இவன் எங்க பையன். ஆனா செத்தவனோட அம்மா இங்கதானே இருக்கு. தினமும் அந்தக் கண்ணுல இவன் படணுமா? அந்தம்மா சரின்னு சொல்லட்டும், இன்னைக்கே இவனுக்கு நானே கூரை போட்டுத் தர்றேன்."

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதோடு பேச்சு முடிந்தது போல ஒருவன் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

ஊர்க்கோடியில் ஜஃபாலியின் அம்மா அபிதி மசினா வாசலில் பாய் விரித்துத் துவரை உரித்துக்கொண்டிருந்தாள். லினெஸ் யாரென்று சொல்வதற்குள் அவள் அவாலியைப் பார்த்துவிட்டாள். கை நிற்கவில்லை. அவாலி பாய்க்கு வெளியே மண்ணில் முழங்காலிட்டான். அவன் வெகுநாளாய் மனதில் ஓட்டிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகளை லினெஸுக்குத் தெரியும். இல்லத்தில் அவளிடம்தான் சொல்லிப் பார்த்திருந்தான். அதில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"எம் புள்ள கடைசியா என்ன சொன்னான்?" என்று அவளே கேட்டாள்.

"தண்ணி கேட்டான்."

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல, அம்மா." பிறகு, "நானும் குடுக்கல. குடம் என் பக்கத்துலதான் இருந்துச்சு" என்றான்.

ஒரு கோழி பாயில் ஏறிப் பருப்பைக் கொத்தியது. அவள் விரட்டவில்லை. லினெஸ்தான் விரட்டினாள்.

"கிணத்தடியில எல்லாரும் எங்கிட்ட நல்லா இருக்கியான்னு கேக்குறாங்க" என்றாள் அபிதி மசினா. "மழைக்கு முன்னாடி கூரை மாத்தித் தர்றாங்க. மூட்டையைத் தூக்கிவிடுறாங்க. ஆனா ஒரு வாயி கூட ஜஃபாலின்னு சொன்னதில்ல. அவன் பேரு சொன்னா நாக்கு வெந்துடுமோ என்னவோ. நீ ஒருத்தன்தான் வந்து மண்ணுல உக்காந்திருக்க." அவள் துவரைத் தோல்களை முந்தானைத் துணியிலிருந்து உதறினாள். "உன்னை மன்னிச்சேன்னு நினைச்சுக்காத. அதெல்லாம் எனக்கு வரல. ஆனா இரு. எம் புள்ளையைப் பத்திக் கேக்க எனக்கும் ஊர்ல ஒரு ஆளு வேணும்."

அவளே எழுந்து முன்னால் நடந்தாள். லினெஸுக்கு ஓட்டமாய்ப் போய்ச் சுவேனாவிடம் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அவாலி தலையைக் குனிந்தபடி வந்தான். அவன் முழங்கால் மண்ணைக்கூடத் தட்டிவிடவில்லை.

மாமரத்தடியில் கூட்டம் கூடியிருந்தது. கிழவி வருவதைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது.

"இருக்கட்டும்னு நான் சொல்றேன், தலைவரே" என்றாள்.

தலைவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். நல்லது என்றார். பெரிய மனசு என்றார். பிறகு, மழை வரும் நேரம், ரத்தம் பட்ட கை விதை போட்டால் ஊருக்கு ஆகுமா என்று பெரியவர்களைக் கேட்க வேண்டும் என்றார். நிலத்தை வேறு அளக்க வேண்டும் என்றார்.

"கொஞ்சம் முன்னாடி அப்படிச் சொல்லலையே ஐயா" என்றாள் லினெஸ். "இந்தம்மா சம்மதிச்சாப் போதும்னீங்க. நீங்க வாக்குக் குடுத்தீங்க."

"நீ நாளைக்கு டவுனுக்குப் போயிடுவ, மேடம். இங்க இருக்கப் போறது நாங்க."

மதோலாவுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவாலியின் எதிரே வந்து நின்றான். "கெழவிகிட்ட என்ன சொன்ன? யாரு பேரைச் சொன்ன?"

"யார் பேரும் சொல்லல."

"பொய்! அவ்வளவு நேரம் என்ன பேசுனீங்க?"

"போலீஸ் என் கால்நகத்தைப் பிடுங்குனப்ப சொல்லாதவன் இப்ப சொல்வேனா, மச்சான்?"

ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. லினெஸ் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தலைவரின் பக்கத்தில் இருந்த நரைத்தாடிக்காரர், மதோலா, கையில் எண்ணெய்க் கறையோடு நின்ற சைக்கிள் கடைக்காரன், சட்டையைத் தட்டிவிட்டவன். பையனை அடித்தவர்கள் இவர்கள்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அபிதி மசினாவும் அதே வரிசையில்தான் பார்த்துக்கொண்டு போனாள்.

"இன்னைக்குச் சொல்லல" என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி. "பக்கத்துலயே இருந்தா ஒருநாள் இந்தம்மா கேக்கும். இவன் சொல்வான். ஊர்ல பாதிப்பேர் உள்ள போகணுமா? கூட்டிட்டுப் போயிடும்மா. இவனுக்கும் நல்லது அதுதான். கோபக்காரப் பசங்க இருக்காங்க."

லினெஸ் சுவேனாவைத் தேடினாள். வீடு அவளுடையது, நிலம் அவள் தாய்வழி வந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் புருஷன் பாயைச் சுருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். சுவேனா கூட்டத்துக்கு வெளியே கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். வேகமாக வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் போர்வையும் தகரத்தட்டும் இருந்தன. மாவு மூட்டையைப் பெரியவள் தலையில் சுமந்து வந்தாள்.

"அண்ணே, போலீஸ் இவரைக் கூட்டிட்டுப் போயிட்டா நான் நாலு பிள்ளையை வச்சுக்கிட்டு..." என்றாள். போர்வையை நீட்டினாள்.

"மாவை வச்சுக்கோ" என்றான் அவாலி. "பிள்ளைங்களுக்குச் சுட்டுக் குடு."

பெரியவள் மூட்டையை இறக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

டவுனுக்குத் திரும்பியபோது இல்லத்தில் அவன் கட்டிலில் வேறொருவன் படுத்திருந்தான். பொறுப்பாளர் கோண்ட்வே நல்ல மனிதர்தான். சத்தம் போடவில்லை.

"வெளிய வர்றவங்க வரிசையா நிக்கிறாங்க லினெஸ். ஒருத்தரையே வச்சுக்க முடியுமா? பணம் குடுக்கிறவங்க எத்தனை பேரு ஊர் போய்ச் சேர்ந்தாங்கன்னுதான் கேக்குறாங்க."

"இவருக்குப் போக ஊர் இல்ல சார்."

"எல்லாருக்கும் ஒரு ஊர் இருக்கும். மழை முடியட்டும், இன்னொரு தடவை பேசிப் பாரு. அதுவரைக்கும் டவுன்ல வேலை தேடிக்கட்டும். அடுப்பு பக்கத்துல கொஞ்ச நாள் படுத்துக்கட்டும்."

லினெஸ் அவனைக் கூட்டிக்கொண்டு டவுனின் ரொட்டிக்கடைகளில் ஏறி இறங்கினாள். அவன் சுட்ட பன்னைத் தின்று பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று அடுத்துக் கேட்டார்கள்; வழித்துணையில் என்றதும் ஆள் வேண்டாம் என்றார்கள். பொய் சொல்லிவிடுங்கள் அண்ணே என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவன் சரி என்றான். அடுத்த கடையிலும் வழித்துணையில் என்றுதான் சொன்னான். மழை பிடித்த வாரம், ஒரு காலையில் அடுப்பருகே போர்வை மடித்து வைத்திருந்தது. ஆள் இல்லை. பஸ் நிலையத்திலும் சந்தையிலும் அவள் விசாரித்தாள். தங்கை ஊருக்கும் ஆள் அனுப்பிக் கேட்டாள். அங்கே வரவில்லை, வராமல் இருப்பதே நல்லது என்று பதில் வந்தது.

அடுத்ததாக வெளியே வரப்போகிற ஒருவனிடம் பேச அவள் மாவட்டச் சிறைக்குப் போன நாளில் வானம் வெளுத்திருந்தது. சிறையின் சோளக்காட்டில் கைதிகள் வெள்ளைச் சட்டையும் வெள்ளை அரைக்கால் சட்டையுமாக வரிசையாய்க் களை கொத்திக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஒரு பழுப்புச் சட்டை. மற்றவர்களோடு சேர்ந்து மண்வெட்டி ஏறியது, சேர்ந்து இறங்கியது.

"அவனா?" என்றார் காவலர், லினெஸ் பார்ப்பதைப் பார்த்து. "தானா வந்து நின்னான் மேடம். நாங்க கூப்பிடல. விரட்டிப் பார்த்தோம், மறுநாளும் வந்துட்டான். நல்லா வேலை செய்வான், பழகின கை. மத்தியானம் மிச்சம் இருந்தா ஒரு தட்டு களி போடுவோம்."

"ராத்திரி எங்க படுப்பாரு?"

"அது எங்களுக்கு எதுக்கு? வெளிய இருக்கிறவன்."

அவள் வரப்பில் இறங்கி நடந்தாள். அவாலி நிமிர்ந்து பார்த்தான். மெலிந்திருந்தான். அவளைப் பார்த்ததில் அவனுக்கு மெய்யாகவே சந்தோஷம்.

"நல்லா இருக்கேன் மேடம். இங்க என்னை எல்லாருக்கும் தெரியும். யாரும் எதுவும் கேக்குறதில்ல."

"அண்ணே, கோண்ட்வே சார்கிட்ட நான் மறுபடி..."

"சார் எங்கிட்ட கோச்சுக்கிட்டாரா?"

"இல்ல."

"அப்பச் சரி." அவன் பக்கத்தில் இருந்தவர்கள் ஓரடி முன்னேறிவிட்டார்கள். அவன் அவசரமாகக் குனிந்து தன் வரிசையை எட்டிப் பிடித்தான்.

மத்தியானம், மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை அடித்தார்கள். கைதிகள் மண்வெட்டிகளைக் குவித்துவிட்டுக் கதவின் முன்னால் இரண்டிரண்டாகக் குந்தினார்கள். காவலர் ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணிக்கொண்டே போனார். வரிசையின் கடைசியில் அவாலியும் குந்தியிருந்தான், பிளாஸ்டிக் தட்டு ஒன்றை மார்போடு பிடித்தபடி. அவனுக்கு முந்தின ஆளோடு காவலரின் விரல் மடங்கியது. கதவு திறந்தது. வெள்ளைச் சட்டைகள் எழுந்து ஜோடி ஜோடியாக உள்ளே போயின. அவாலியும் பழக்கத்தில் எழுந்து இரண்டடி வைத்தான். காவலர் கையைக் குறுக்கே நீட்டினார். கதவு சாத்திக்கொண்டது. அவன் வேலிக்கு இந்தப் பக்கம், இருந்த இடத்திலேயே மறுபடி குந்திக்கொண்டான்.