சதுர ஓட்டை

வலது தோளைத் தூக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சட்டைக்குள் கையை நுழைப்பதற்குள் தானியேலுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. கும்மிடிப்பூண்டி இரும்பாலையின் ஸ்கிராப் யார்டில் வாரம் முழுக்க கேஸ் கட்டர் பிடித்த தோள் அது. வீட்டுக்கு வந்தாலும் அதற்கு ஓய்வில்லை. வாசலில், தார்ப்பாய்ப் பந்தலுக்கு அடியில், ஒரு பழைய பியட் கார் நின்றது. மழைக்காலத்திலிருந்து உடம்பில் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் அதுதான் தின்றுகொண்டிருந்தது.

அவன் மனைவி கிறிஸ்டினா தைலத்தை எடுத்துவந்து தோளில் அழுத்தித் தேய்த்தாள்.

"அந்த வண்டியத் தேச்சதுல பாதி என் முதுகத் தேச்சு உட்டிருந்தா நானும் பளபளன்னு இருந்திருப்பேன்."

"நீ இன்னா துருவா புட்ச்சுக்கினு கீற?"

"புட்ச்சுக்கினுதான் கீது. உன் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது."

கார் தானியேலுடையது இல்லை. அதே ஆலையில் உலையடியில் வேலை பார்த்த ஸ்டீபனுடையது. சோழவரம் பக்கம் ஒரு நெல்லுக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகையில், வைக்கோலுக்கு நடுவே கிடந்ததை ஸ்டீபன் பி.எஃப். பணத்தை எடுத்து வாங்கினான். அவனுக்கு இருந்தது கம்பெனி லைன் வீடு. அங்கே நிறுத்த இடமில்லாததால் தானியேல் வாசலில் கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு பேரும் லீவு நாளில் சேர்ந்து பார்ப்பதாகப் பேச்சு. பார்க்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே, நெஞ்சு அடைக்கிறது என்று ஷிப்டிலிருந்து பாதியில் வந்த ஸ்டீபன் பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்தபடி போய்விட்டான்.

ஆலைக்காரர்கள் மாலை கொண்டுவந்தார்கள். கூடவே, சித்திரைக்குள் லைன் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஸ்டீபன் பொண்டாட்டி கல்பனாவிடம் வேறு எந்தச் சொத்தும் இல்லை. முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து பிரியாணி சாப்பிட்ட கையோடு, நாலு பேர் கேட்க, தானியேல்தான் வாயை விட்டான். வண்டியை ஓட வைத்து விற்றுத் தருகிறேன், அந்தப் பணத்தில் நீ வீட்டுக்கு அட்வான்ஸ் கொடு, யாரிடமும் கை நீட்டாதே என்றான். கல்பனா தலையை ஆட்டினாள். அன்றே பைபாஸ் ஓரத்தில் ஒரு சின்ன வீட்டைப் பார்த்து, சித்திரையில் வருகிறேன் என்று சொல்லியும் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் அந்த வண்டியை விடவில்லை. மாட்டு மூத்திரம் பட்டுப்பட்டு அடித்தகரம் அப்பளமாகியிருந்தது. துருவைக் கண்டால் வெட்டு என்பது அவன் கைக்குப் பழகிப்போன பாடம். யார்டில் இருபது வருஷமாக அதைத்தான் செய்கிறான். ஒட்டுப்போடுவது, பட்டி பூசி மறைப்பது எல்லாம் அவனுக்கு ஆகாது. இத்துப்போன தரையை வெட்டினான். கதவின் அடிப்பக்கத்தை வெட்டினான். பானட்டைத் தூக்கி, இன்ஜினுக்குப் பின்னால் இருந்த தகரச் சுவரில் விரலை வைத்தால் விரல் உள்ளே போயிற்று. அதையும் பாதிக்கு மேல் வெட்டி எடுத்து, புதுத் தகரம் வளைத்து வெல்டு அடித்து, கிரைண்டர் போட்டு, கோடு தெரியாமல் வழித்துவிட்டான். இறுகிப்போன பழைய இன்ஜினைப் புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடையில் மாற்றிக்கொடுத்து, ஒரு ஆம்னி வேன் இன்ஜினை வாங்கி வந்தான். அது உட்காருவதற்குத் தாங்கிகளைத் தானே அடித்தான். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். கடைசியாகப் பாலாடை நிறத்தில் பெயின்ட். வெட்டிய துருவெல்லாம் மூட்டையில் கட்டிப் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று.

பத்து மணிக்கு அன்புசெல்வன் வந்தார். மெட்ராஸில் பழைய கார்களாக வாங்கிச் சேர்க்கிற ஆள், தன்மையானவர். கல்பனாவும் வந்திருந்தாள். நல்ல புடவை கட்டி, கையில் ஆர்.சி. புக்கும் ஸ்டீபனின் இறப்புச் சான்றிதழும் வைத்த பிளாஸ்டிக் உறையோடு ஓரமாக நின்றாள். சாவியைத் திருப்பியதும் வண்டி முனகாமல் பிடித்தது. அன்புசெல்வன் தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து, சொந்தக்காரன் வீட்டுப் பிள்ளையைத் தட்டுவது போல பானட்டைத் தட்டினார்.

"அருமையா பண்ணியிருக்கீங்க. இன்ஜின் மாத்தினதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதி வாங்கிக்கலாம், சேஸிஸ் நம்பர் சரியா இருந்தா போதும். எங்க, காட்டுங்க."

தானியேல் முன்னாலிருந்த நம்பர் பிளேட்டைக் காட்டினான். புதிதாக எழுதியது, எழுத்து அழகாக வந்திருந்தது.

அவர் சிரித்தார். "இது இல்லைங்க. வண்டியிலயே அடிச்சிருப்பான்."

பானட்டைத் தூக்கினார். போனில் விளக்கைப் போட்டு, இன்ஜினுக்குப் பின்னால் இருந்த அந்தச் சுவரில் விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவினார். விரல் எங்கும் இடறவில்லை. அவ்வளவு வழவழப்பாக அதை வழித்திருந்தான் தானியேல். திரும்ப ஒருதரம் தடவிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இந்தத் தகரம் புதுசா?"

"ஆமா சார். பழசு இத்துப்பூட்ச்சு."

"நம்பர் அதுலதான் இருந்திருக்கும். பழசு எங்க இருக்கு?"

அந்த நேரத்தில் தானியேலின் மண்டைக்குள் யார்டுதான் வந்து நின்றது. எத்தனை வண்டிகளை வெட்டியிருப்பான்! பஸ், லாரி, வேன், கார். ஆயுள் முடிந்ததென்று எழுதிக்கொடுத்து வருகிற ஒவ்வொரு வண்டியிலும் எங்காவது ஓரிடத்தில் கையகலத்துக்கு ஒரு சதுர ஓட்டை இருக்கும். யாரோ முன்கூட்டியே வெட்டி எடுத்திருப்பார்கள். எதற்கென்று அவன் கேட்டதில்லை. அவன் கட்டர் முனைக்கு வந்த வண்டி எதிலும் அந்த நம்பர் இருந்ததில்லை, அதனால் அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. நம்பரை வெட்டி அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டால் அந்த வண்டி செத்ததாகக் கணக்கு என்று அன்புசெல்வன் பொறுமையாக விளக்கினார். வண்டியோடு வந்த பழைய இன்ஜின் இருந்தாலாவது அதன் நம்பரைக் காட்டி மனு போட்டுப் பார்த்திருக்கலாம். இப்போது இரண்டும் இல்லை. இந்த புக் இந்த வண்டியுடையதுதான் என்று எதை வைத்துச் சொல்வது? யார் வாங்கினாலும் திருட்டு வண்டி கேஸ்தான்.

அவர் கல்பனாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். கல்பனா உறையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். கிறிஸ்டினா காபி போட்டு எடுத்துவந்தபோது வாசலில் தானியேல் மட்டும்தான் நின்றிருந்தான்.

திங்கட்கிழமை பழைய இரும்புக் கடைக்காரனிடம் போய்க் கேட்டான். உன் மூட்டை எப்போதோ உன் மில்லுக்கே போச்சே என்றான் அவன். நடக்காது என்று தெரிந்தும் தானியேல் சாப்பாட்டு வேளையில் யார்டுக் குவியலைச் சுற்றிவந்தான். மேலே காந்தக் கிரேன் அள்ளி அள்ளி உலைக்குக் கொண்டுபோனது. அந்தத் தகரம் உருகிக் கம்பியாகி, எந்த ஊரில் எவன் வீட்டுத் தளத்துக்குள்ளோ சிமென்ட்டுக்கு அடியில் இருக்கும். இருந்தும் கையால் நாலு தகரத்தைப் புரட்டிப் பார்த்தான்.

உலையிலிருந்து வார்த்து வருகிற இரும்புக் கட்டைகளுக்கு, அதாவது பில்லெட்டுக்கு, நம்பர் குத்துகிற எட்வர்ட் இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினான்.

"இதுக்கு ஏன் பேஜார் ஆவற? புக்குல நம்பர் கீது, என்னாண்ட நம்பர் குத்துற இரும்புப் பஞ்சு கீது. கொண்டா, ரெண்டு தட்டு தட்டித் தரேன்."

தானியேலுக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. துண்டுத் தகரத்தில் குத்திப் பார்த்தார்கள். பில்லெட்டில் தூரத்திலிருந்தே தெரிய வேண்டிய எழுத்து, ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம். நாலு நம்பருக்குள் தகரம் முடிந்துபோய்விட்டது.

"காரு மாரி இல்ல, கூட்ஸ் வண்டி மாரி கீது" என்று எட்வர்டே சிரித்துவிட்டான். சின்ன பஞ்சு கடையில் கிடைக்கும் என்றும் சொன்னான்.

கிடைக்கும்தான். ஆனால் புக் ஸ்டீபன் பேரில் இருக்கிறது. விற்றுக் கையெழுத்துப் போடப்போவது கல்பனா. நாளைக்கு எளாவூர் செக்போஸ்ட் பக்கம் போலீஸ் வண்டியை நிறுத்திப் பார்த்தால், விற்றவள் என்று அவளைத்தான் கேட்பான், பஞ்சு அடித்தவனை இல்லை. தானியேல் அந்தத் தகரத்தை வாங்கி மடக்கிக் குவியலில் எறிந்தான். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்து அட்வான்ஸைத் தானே கொடுத்துவிடலாம் என்று சூப்பர்வைசரிடம் போய் நின்றான். தோளைத் தூக்கிக் காட்டச் சொன்னார். கை காது வரைக்கும்கூடப் போகவில்லை.

சித்திரை பிறந்தது. பைபாஸ் ஓரத்து வீட்டை வேறு யாருக்கோ விட்டுவிட்டார்கள். கல்பனா எளாவூரில் அக்கா வீட்டின் பின்கட்டுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு தானியேல் லைன் வீட்டுக்குப் போனான். மினி லாரியில் கட்டில், பாத்திரம், ஸ்டீபனின் டூல் பெட்டி எல்லாம் ஏறியிருந்தன. இவன் இடது கையாலேயே கயிறு கட்ட உதவினான். கட்டி முடித்த பிறகு, காரை எடைக்குப் போட்டால் கொஞ்சம் டப்பு வரும், வாங்கித் தரட்டுமா என்று மெதுவாகக் கேட்டான்.

"வெட்டப் போறது யாரு, நீதான?"

அவன் கட்டிய முடிச்சை இன்னொருதரம் இழுத்துப் பார்த்தான்.

"அதெல்லாம் வாணாம். இன்னொருக்கா அதை நீ வெட்ட வாணாம்."

"தெரியாம பண்ட்டேன் கல்பனா."

"தெரிஞ்சா பண்ணுவ? அது எனுக்குத் தெரியாதா?" லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, உறையை மடியில் வைத்துக்கொண்டாள். குரலில் கோபம்கூட இல்லை. "நீ நல்லவன்தாண்ணா. ஆனா நான் உன்னாண்ட குடுத்தது துருவோ கிருவோ, ஒரு காரு. அதுல நம்பர் இருந்துச்சு. நீ எனுக்கு ஒரு காரு தரணும்."

டிரைவர் இன்ஜினைக் கிளப்பினான். தானியேல் வலி தெரியாத கையால் பின்கதவின் கொக்கியை மாட்டினான்.

"ஆமா," என்றான். "ஒரு காரு தரணும்."