எதுடா நம்ம நிலைப்பாடு?

பேரு பரணிதரன். வயசு இருபத்தஞ்சு. ஊரு கள்ளக்குறிச்சி பக்கம், இப்ப இருக்கறது மாமல்லபுரத்துல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒத்த ரூம்ல. மைக் செட்டு வேலை. கூட இருக்கறவன் ஜோஷ்வா, பீச் ஓட்டல்ல சமையல். ரூம்ல சேந்து தங்கிகினு இருக்காங்கன்னு தான் ஊர்ல நெனப்பு. அதுக்கு மேலயும் ஒண்ணு இருக்குன்னு சொல்ல பரணிக்கு வாயே வரல.

இப்ப சொல்லியே ஆகணும். ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறோம், லீவு போட்டுட்டு வான்னு அம்மா பார்வதம் சொல்லிட்டாங்க.

அப்பா ராமதாஸ் கட்சில கிளைச் செயலாளரு. அந்த வூட்டுல எந்தப் பேச்சு வந்தாலும் மொதல்ல கட்சி என்ன சொல்லுதுன்னு தான் பாப்பாங்க. டீவில எந்த நியூஸ் ஓடணும்ங்கறதுல இருந்து, தங்கச்சி அனு காலேஜுக்கு எந்தப் பாடம் எடுக்கணும்ங்கற வரைக்கும் அப்படித்தான். அப்பா காதுல ஏறணும்னா கட்சிக்காரரு வாயில இருந்து வரணும்னு பரணி காத்துகினு இருந்தான்.

வந்துச்சு. வேட்பாளர் தீனதயாளன் அப்பாவோட கட்சி. காலைல படூர் அபார்ட்மெண்ட் மீட்டிங்குக்கு பரணி தான் மைக் செட்டு. ஆம்பளையும் ஆம்பளையும் கல்யாணம் பண்ணிக்க சட்டம் வேணும்னு கேக்கறாங்களே, உங்க நிலைப்பாடு என்னன்னு ஒரு பொண்ணு எழுந்து கேட்டுச்சு. "ரெண்டு மனசு ஒத்துப்போனா நடுவுல நிக்க நாம யாரும்மா? சட்டம் வரணும்," அப்படின்னாரு. கைதட்டல்ல ஸ்பீக்கரே அதிர்ந்துச்சு. பரணி சவுண்டு மிக்ஸர்ல பதிவானதுல இருந்தே அந்தப் பேச்ச வெட்டி எடுத்து அப்பாவுக்கு அனுப்பிட்டான்.

கேட்டுட்டு அப்பாவே கூப்ட்டாரு. நம்மாளு சொன்னா யோசிச்சு தான் சொல்வாருன்னு சொன்னாரு. பரணிக்கு பாதி பாரம் எறங்கிடுச்சு.

சாயங்காலம் மீனவர் குப்பத்துல கூட்டம். அங்க யாரும் எதுவும் கேக்கவே இல்ல. படூர்ல பேசுனது பரவிடுச்சு போல, தீனதயாளன் தானாவே ஆரம்பிச்சாரு. கல்யாணம்னா ஆணும் பொண்ணும் தான், மத்ததெல்லாம் வெளிநாட்டு வியாதின்னாரு. கடைசி வரிசைக்குக் கேக்கல, சவுண்ட ஏத்துன்னு கட்சி வட்டச் செயலாளரு கை காட்டுனாரு. பரணி ஏத்துனான். கூட்டம் முடிஞ்சு ரிப்போர்ட்டருங்க வளைச்சப்ப, அத தலைமை முடிவு பண்ணும்னு சொல்லிட்டு அவரு காருல ஏறிட்டாரு.

ஷிப்டு முடிச்சு வந்த ஜோஷ்வா இதக் கேட்டுட்டு சிரிச்சான். "உன்னிய வியாதின்னு சொல்றதுக்கு நீயே சவுண்டு ஏத்தி வுட்டுகினு வந்துகீற மச்சான்."  சிரிச்சு முடிச்சதும் தட்டுல சோத்தப் போட்டு பரணி முன்னால தள்ளி வச்சான்.

சாப்பிடறதுக்குள்ள அப்பா போன். குப்பத்துப் பேச்சும் கட்சி குரூப்புல அவருக்கு வந்துடுச்சு.

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எதுடா நம்ம நிலைப்பாடு? கிளைல கேக்கறாங்க, நீ கூடவே இருந்தவன், சொல்லு."

"தெரியலப்பா."



"சரி, அத விடு. இத ஏன்டா நீ எனக்குத் தேடி அனுப்புன?"

பரணி போன வச்சுட்டான். குரல்ல பதிஞ்சு அனுப்புனா நடுக்கம் தெரிஞ்சிடும். அதனால போன்ல பேசப் பேச எழுத்தா விழற பட்டன அமுக்குனான். அப்பாவுக்கு இப்ப தான் கண்ணு ஆபரேஷன் ஆயிருக்கு, இன்னும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது, யாராவது படிச்சு காட்டணும். அதுவும் நெனப்புல இருந்துச்சு. சொன்னான்:

"அப்பா, படூர்ல சொன்னது நெஜமா, குப்பத்துல சொன்னது நெஜமான்னு எனக்குத் தெரியல. எது கட்சி முடிவானாலும் நான் இப்படித்தான் இருப்பேன். ஜோஷ்வாவும் நானும் சேந்து வாழறோம். பொண்ணு வூட்டுல வரலன்னு சொல்லிடுங்க, அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியல, பயமா இருக்கு. அம்மாவோ அனுவோ, யாரு இதப் படிச்சாலும், நடுவுல நிறுத்தாம அப்பாவுக்கு முழுசா படிச்சு காட்டுங்க."