தம்பி கொடுத்த ரத்தம்

பயில்வான் வீட்டுக்குள் நுழைந்ததுமே அவன் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சு அவள் கண்ணில் பட்டுவிட்டது. பயில்வான் என்பது அவள் கொழுந்தனுக்குத் தெருவே வைத்த பட்டப்பெயர். காலையும் மாலையும் இரும்பைத் தூக்கித் தூக்கி உடம்பை வளர்த்திருந்தான். தலைவலி என்றுகூட ஒரு நாள் படுத்தவனில்லை. அவனிடம் ரத்தம் எடுக்க எவனுக்கு என்ன வேலை?

பின்னாலேயே அவள் புருஷன் வந்தார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அன்றைக்கு ரத்தம் கொடுக்க வேண்டியவர் அண்ணன்தான். ஆயுள் காப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பரிசோதனைக்கு லேப் ஆள் வேலை இடத்துக்கே வருவதாக ஏற்பாடு. ஆனால் அவர் இரண்டு கையிலும் ஊசி குத்திய அடையாளமே இல்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நின்றாள்.

முதலில் மழுப்பினார்கள், பிறகு கக்கினார்கள். புருஷனுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். தெரிந்தால் பிரீமியத்தை ஏற்றிவிடுவார்கள், எதற்கு வம்பு என்று விஷயத்தை மறைத்து எழுதியாயிற்று. அண்ணன் பேரில் தம்பி கையையும் நீட்டியாயிற்று. இருவருக்கும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். லேப் ஆள் அவசரத்தில் அடையாள அட்டையை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. இதைச் சொல்லும்போது பயில்வானுக்குப் பெருமை வேறு, கேட்கவே வேண்டாம்.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பேப்பர வச்சு நான் விசிறிக்கவா?" என்றாள்.

சும்மா வந்த கோபமில்லை அது. அவள் அப்பாவும் இப்படித்தான் நெஞ்சுவலியை மறைத்துப் பாலிசி எடுத்தார். அவர் போன பிறகு பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைத் தோண்டி எடுத்த கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த இவள் தையல் மிஷினில் உட்கார்ந்தாள், இன்னும் எழுந்தபாடில்லை. அப்பா மேல் இருக்கிற பாசத்தையும் ஆத்திரத்தையும் அவளால் இன்றுவரை பிரிக்க முடியவில்லை. அந்தக் கதி தன் மகளுக்கு வரவே கூடாது.

புருஷன் கெஞ்சிப் பார்த்தார். போய்ச் சொன்னால் அவமானம், இனி எந்தக் கம்பெனியும் திரும்பிக்கூடப் பார்க்காது என்று பயமுறுத்தியும் பார்த்தார்.

"பாக்காட்டிப் போகட்டும். இல்லாத பாலிசிய இருக்குன்னு நம்பிக்கிட்டு என்னால தூங்க முடியாதுங்க."

மறுநாள் சீருடை தைக்கும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, இரண்டு பேரையும் காப்பீட்டு அலுவலகத்துக்குக் கிளப்பிக்கொண்டு போனாள். அதிகாரி ஒரு பெண்மணி. உட்காரச் சொல்வதற்கு முன்பே அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். புருஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

அதிகாரி கடுகடுவென்று கம்ப்யூட்டரைத் தட்டினார். ரிப்போர்ட் வந்திருந்தது. அதைப் படித்ததும் அவர் முகம் மாறியது.

"அப்ப இது யாரோட ரத்தம்?"

"என்னோடதுதான் மேடம்," என்று நெஞ்சை நிமிர்த்தினான் பயில்வான்.

"சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கே. இந்த ரிப்போர்ட்டுக்கு எப்படியும் பாலிசி கிடைச்சிருக்காது. நீங்க இன்னைக்கே டாக்டரப் பாருங்க."

அண்ணனைக் கரையேற்றப் போன ரத்தத்தின் லட்சணம் இது! இந்த விண்ணப்பம் ரத்து, நடந்தது பதிவாகும், உண்மையைச் சொல்லிப் புதிதாக விண்ணப்பிக்கலாம், கிடைக்கும் என்று உறுதி தர முடியாது என்றார் அதிகாரி. பிறகு அவள் பக்கம் திரும்பி, "உங்க பேர்ல பாலிசி இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினாள். வீட்டின் பாதிச் செலவு அவள் மிஷினில்தான் ஓடுகிறது. ஆனாலும் அவள் பேரில் ஒரு பாலிசி எடுக்க யாருக்கும் தோன்றியதில்லை. ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிறவளுக்கே தோன்றவில்லை என்பதுதான் அவளைச் சுட்டது.

வெளியே வந்ததும் பயில்வான் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள்.

"அண்ணி, குழந்தை வேற வரப்போவுது. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

அவ்வளவு பெரிய உடம்பு இப்படிச் சுருங்கி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. புருஷன் தம்பியின் தோளில் கை வைத்தார்.

"எந்திரி தம்பி. மாத்திரை சாப்பிட்டா உங்க அண்ணன் மாதிரி நீயும் நடமாடுவ. மத்தத அப்புறம் பாப்போம்," என்றாள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு, கீழேயே இருந்த லேப்புக்குப் போனார்கள். யாரும் சொல்லாமலே புருஷன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். யாருக்கு டெஸ்ட் என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"மூணு பேருக்கும்," என்றாள் அவள். "அட்டையில இருக்கற மூஞ்சிய நல்லாப் பாத்துட்டு எடும்மா."

சொல்லிவிட்டு, முதல் ஆளாய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.